விதியே ஜோடி சேர்த்துவிட்டால் காதலுக்கு என்ன வேலை?

கேள்வி: சமீபத்தில் வந்த ஃபேன்டசி ரொமான்ஸ், பாராநார்மல் ரொமான்ஸ் நாவல்களைப் படித்திருக்கிறீர்களா? உண்மையிலேயே நன்றாக இருக்கின்றனவா, இல்லை எல்லாம் இன்ஸ்டாகிராம் பரபரப்புதானா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

பரபரப்பும் உண்டு, நல்ல புத்தகங்களும் உண்டு. டிராகன், ரத்தம் குடிக்கும் வேம்பயர், ஓநாய் மனிதன், ஃபே (மனித உருவில் நீண்ட காலம் வாழும் மாய இனம்) இளவரசன் என்று இந்த வகையில் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற ஆள் நான். பிடிக்காமல் பாதியில் மூடி வைத்தவையும் நிறைய. அதனால் இது விமர்சகரின் பட்டியல் இல்லை, ஒரு வாசகியின் சொந்தக் கருத்து. கதையின் திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் பேச முடியவில்லை, அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு.

இந்த வகை நாவல்களில் ‘மேட்’ என்று ஒரு சமாச்சாரம் வரும். இன்னாருக்கு இன்னார் என்று விதியோ ரத்தமோ மாயமோ முன்பே முடிவு செய்துவிட்ட ஜோடி. ஐந்நூறு வயது இளவரசனுக்கு நாயகியைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இழுக்கும். ஓநாய் மனிதனுக்கு அவள் வாசனையே போதும். நமக்கு இது புதிதில்லை. பூர்வ ஜென்ம பந்தம், விட்ட குறை தொட்ட குறை என்று எத்தனையோ பார்த்தாயிற்று. எழுதுகிறவருக்கு இதில் பெரிய சௌகரியம், இவனுக்கு இவளை ஏன் பிடித்தது என்று காட்டவே வேண்டாம். மேட் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பந்தம் வந்ததும் கதையின் சிக்கல் தீர்கிறதா, அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறதா? தீர்ந்துவிட்டால் எனக்கு ஆர்வமும் அதோடு போய்விடும்.

இன்றைய அலைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் சாரா ஜே. மாஸ். 2015இல் வந்த ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ அழகியும் மிருகமும் கதையின் இன்னொரு வடிவம்தான். முதல் பாகம் எனக்குச் சுமார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவர் தைரியமாக ஒரு காரியம் செய்கிறார். முதல் பாகத்தில் உயிரைக் கொடுத்துக் காதலித்த டாம்லினை, நாயகி ஃபெய்ரா விட்டுவிட்டுப் போகிறாள். ஏன்? நடந்த கொடுமைகளால் அவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு தங்கவில்லை. அவனோ ‘உன் பாதுகாப்புக்காக’ என்று சொல்லி அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான். இந்த மாதிரிப் பூட்டுகிற நாயகனை நம் மாத நாவல்களில் எத்தனை பேர் கொண்டாடியிருக்கிறோம்! மாஸ் அதைக் கொண்டாடவில்லை. அடுத்து நாயகனாக வரும் ரைசாண்டுக்கு அவள்தான் தன் மேட் என்று தெரிந்தும் சொல்லாமல் மறைக்கிறான். வேறொருவர் மூலம் தெரிந்ததும் அவளுக்குப் பூரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. போதாக்குறைக்கு, தன் அப்பாவும் அம்மாவும் மேட்தான், ஆனாலும் ஒத்துப்போகவில்லை என்று அவனே சொல்கிறான். விதி தவறாகவும் ஜோடி சேர்க்கும் என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஃபெய்ராவையும் சேர்த்து மூன்று சகோதரிகளுக்கும் அதே நண்பர் வட்டத்தில் சம்பந்தம் பேசி முடிப்பது போல ஆகிவிட்டது. அதில் ஒன்று மட்டும் பாக்கி. நடு சகோதரி எலெய்னுக்கு வேறொருவனோடு நிச்சயமாகியிருக்கும்போது லூசியன் என்ற ஃபே ஆண் வந்து ‘நீ என் மேட்’ என்கிறான். அவள் அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2021இல் வந்த பாகத்திலும் அது முடியவில்லை. மாஸ் அந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறார் என்பதற்காகவே அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கிறேன்.

சரி, எல்லோரும் கேட்கிற டிராகன் புத்தகத்துக்கு வருவோம். ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’, 2023 மே மாதம் வந்தது. வயலெட் என்ற பெண் புத்தகங்களோடு வளர்ந்தவள், நூலகப் பணிக்குத் தயாராகி வந்தவள். படைத் தளபதியான அம்மா அவளை வலுக்கட்டாயமாக டிராகன் வீரர் பயிற்சியில் சேர்க்கிறாள். வயலெட்டுக்கு மூட்டுகள் சட்டென்று நழுவும், எலும்பு சீக்கிரம் முறியும். யாரோஸுக்கே ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத் திசுக் கோளாறு உண்டு, அதைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். அந்த அனுபவம் எழுத்தில் தெரிகிறது. வலியோடு வாழ்கிற ஒருத்தி காலையில் எந்த மூட்டுக்குக் கட்டுப் போட வேண்டும் என்று கணக்குப் போடுவது, சேணத்தில் உட்காரத் தனி ஏற்பாடு தேவைப்படுவது, இதெல்லாம் வெறும் அலங்காரமாக வரவில்லை.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி. பயிற்சிக்கு வருகிறவர்கள் உயரத்தில் இருக்கும் ஒடுக்கமான கல் பாலத்தைக் கைப்பிடி எதுவும் இல்லாமல் கடக்க வேண்டும், மழை வேறு. விழுந்தால் சாவு. வரிசையில் பக்கத்தில் நிற்கும் ரியானன் என்ற பெண்ணின் காலணி வழுக்குகிற ரகம். வயலெட்டின் அக்கா அவளுக்கு ரப்பர் அடி வைத்த காலணி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இருவரும் ஆளுக்கு ஒரு காலணியை மாற்றிக்கொள்கிறார்கள். இருவருக்கும் ஒரு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும். முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தன் பாதுகாப்பில் பாதியைக் கொடுக்கிறாள் என்பதை விளக்கமே இல்லாமல் காட்டிவிடுகிறார். அந்தப் புத்தகத்தின் காதல் காட்சிகள் எதுவும் இந்த ஒரு காட்சிக்கு ஈடில்லை என்பேன்.

மேட் விஷயத்தையும் யாரோஸ் சாமர்த்தியமாகக் கையாள்கிறார். இங்கே விதி ஜோடி சேர்த்திருப்பது மனிதர்களை இல்லை, டிராகன்களை. வயலெட்டின் டெய்ர்னும், நாயகன் ஸேடனின் ஸ்கேயலும் ஜோடி டிராகன்கள். அவற்றால் ரொம்ப நாள் பிரிந்திருக்க முடியாது, ஒன்று செத்தால் மற்றதும் சாகலாம். அதனால் ஏறிச் சவாரி செய்யும் இரண்டு பேரின் உயிரும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கிறது. ஸேடனின் அப்பாவைக் கொன்றது வயலெட்டின் அம்மா. பழிவாங்க எல்லாக் காரணமும் இருக்கிறவன், அவள் உயிரைக் காப்பாற்றியே ஆக வேண்டும். பிடிக்குமா பிடிக்காதா என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பாகம் ‘அயர்ன் ஃபிளேம்’ அதே ஆண்டு நவம்பரிலேயே வந்துவிட்டது. அவசரம் தெரிகிறது. அவன் ரகசியம் வைத்திருக்கிறான், அவள் கோபப்படுகிறாள், அவன் ‘கேட்டால் சொல்வேன்’ என்கிறான். இதே வாக்குவாதம் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாம் பாகம் ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வந்து, அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. அதில் தீவு தீவாகப் போகிறார்கள். பெயர்கள் பெருகிக்கொண்டே போக, யார் யார் என்று நினைவுபடுத்திக்கொள்ளவே எனக்குத் தனியாக நேரம் வேண்டியிருந்தது. விற்பனையைப் பார்த்து மூன்றும் ஒரே தரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

வேம்பயர் பக்கம் போனால், ஆலி ஹேசல்வுட்டின் ‘பிரைட்’ (2024) படிக்க ஜாலியானது. வேம்பயர் தலைவரின் மகள் மிசரி, ஓநாய் மனிதர்களின் தலைவன் லோ. இரண்டு இனங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. சமாதானத்துக்காகக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். அரசியலுக்காகப் பெண் கொடுப்பது நம் சரித்திர நாவல்களில் கொட்டிக் கிடக்கும் விஷயம், அதனால் உடனே உள்ளே போய்விடலாம். இவள் சின்ன வயதிலேயே பிணையாக மனிதர்களிடம் அனுப்பப்பட்டு வளர்ந்தவள், எந்தக் கூட்டத்திலும் ஒட்டாதவள். ரத்தம் மட்டுமே உணவாக இருக்க வேண்டிய இவளுக்கு வேர்க்கடலை வெண்ணெய் மேல் ரகசிய ஆசை. திருட்டுத்தனமாக டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறாள். எனக்கு மிசரி உயிருள்ள ஆளாகத் தோன்றியது அந்த டப்பாவால்தான். மேட் பந்தம் இதில் ஒருதலையாக வருகிறது. அவனுக்கு உடம்பே சொல்லிவிடும், அவள் இனத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நல்ல யோசனை. ஆனால் கதையில் ஒரு மர்மமும் உண்டு, அது அவிழும் கடைசிப் பகுதி ரொம்ப வேகம். யார் வில்லன் என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

கரிசா பிராட்பெண்டின் ‘தி சர்ப்பென்ட் அண்ட் தி விங்ஸ் ஆஃப் நைட்’ இதைவிட இருண்ட புத்தகம். 2022இல் ஆசிரியரே சொந்தமாக வெளியிட்டு, பிறகு பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. வேம்பயர் அரசன் வின்சென்ட் எடுத்து வளர்த்த மனிதப் பெண் ஒராயா. அரண்மனையில் சுற்றியிருப்பவர்கள் எல்லோருக்கும் அவள் சாப்பாடு. பயந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், துடித்தால் அவர்களுக்குப் பசி வரும். ஆகவே பயத்தை அடக்குவதே அவள் கற்ற முதல் பாடம். மரணப் போட்டி, எதிரியோடு கூட்டு, காதல் என்று மற்றதெல்லாம் வழக்கமான பாதைதான். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அப்பா மகள் உறவு. வின்சென்டின் பாசம் நிஜம், அவன் அவளுக்குச் செய்ததும் நிஜம். இரண்டையும் ஒரே ஆளில் வைத்து, வாசகரைத் தவிக்க விடுகிறார். நாயகன் ரெய்ன் நல்லவன்தான், ஆனாலும் என் நினைவில் நிற்பது அந்த அப்பன்தான்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் ஊர்க் கதைகளில் மோகினி, யட்சி என்று ஆபத்தான அழகு பெண்ணிடம் இருக்கும், நள்ளிரவில் சுண்ணாம்பு கேட்டு வருவாள், ஏமாறுவது ஆண். இந்த நாவல்களில் ரத்தம் குடிக்கிறவனே நாயகன், அவனிடம் பயப்படாமல் இருப்பதே நாயகியின் தகுதி. இந்தத் திருப்பத்தை வைத்துத் தமிழில் யாராவது நல்லதாக ஒரு நாவல் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

கேலி ஹார்ட்டின் ‘குவிக்சில்வர்’ (2024) பற்றிச் சுருக்கமாக. தண்ணீரை அரசி ரேஷனில் அளந்து கொடுக்கும் பாலைவன நகரம், அங்கே திருடிப் பிழைக்கும் சேரிஸ். அந்த முதல் பகுதி அபாரம். ஃபே உலகத்துக்குள் போனதும் தண்ணீர்ப் பஞ்சம் காணாமல் போய், முறைத்துக்கொண்டே இருக்கும் உயரமான ஆண் மட்டும் மிஞ்சுகிறான். கேரியன் என்ற வாயாடி மட்டும் வரும்போதெல்லாம் சிரிக்க வைக்கிறான்.

இப்போது என் செல்லம். ஹெதர் ஃபாசெட்டின் ‘எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்’, 2023. 1909ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜில் ஃபேக்களை ஆராயும் பேராசிரியை எமிலி, பனி மூடிய ஒரு வடக்குக் கிராமத்துக்கு நாயோடு வருகிறாள். முழு நாவலும் அவளுடைய நாட்குறிப்பு, அடிக்குறிப்புகள் உட்பட. ஃபேக்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று அத்தனையும் தெரியும், மனிதர்களோடு பேசத் தெரியாது. வந்த புதிதிலேயே கிராமத் தலைவியின் மனதைப் புண்படுத்திவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்றே புரியாமல் விழிக்கிறாள். அப்புறம் சக பேராசிரியன் வென்டல் வந்து சேர்கிறான். சோம்பேறி, பேச்சில் மன்னன், ஆனால் வீடு அலங்கோலமாக இருந்தால் தாங்க மாட்டான். குடிசையைத் துடைத்துச் சுத்தம் செய்து, அவளுடைய உடைகளையும் தைத்துச் சரி செய்கிறான்.

இவனும் ஒரு ஃபே அரசன்தான். ஆனால் மேட், விதி, ரத்தம் ஒன்றும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று நேராகக் கேட்கிறான். அவள் உடனே ஆம் சொல்வதில்லை. ஃபே அரசர்களைக் கட்டிக்கொண்ட பெண்களின் கதி என்ன என்பதைத் தொழில்முறையாகப் படித்தவள் ஆயிற்றே. அந்தத் தயக்கம் பிகு இல்லை, அறிவு. ஓர் இடத்தில் தன் மேல் மந்திரம் விழுந்திருப்பதை உணர்ந்து, அதை உடைக்கத் தன் விரலைத் தானே வெட்டிக்கொள்கிறாள். அதையும் ஆராய்ச்சிக் குறிப்பு மாதிரி நிதானமாக எழுதி வைக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவளே தேர்ந்தெடுக்கிறாள் என்பதால் அந்தக் காதலுக்கு எடை இருக்கிறது.

இந்திய வேரோடு ஒன்று வேண்டுமென்றால் சங்கு மந்தன்னாவின் ‘தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்ச்சஸ்’ (2022). இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் தனியாக வளர்ந்த சூனியக்காரி மீகா, மூன்று சின்னப் பெண்களுக்கு மந்திரம் கற்றுக்கொடுக்க ஒரு வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு சிடுசிடு நூலகர். போர், சாவு ஒன்றும் இல்லை. காய்ச்சல் நாளில் படிக்க ஏற்றது.

ஒரு எச்சரிக்கை. அட்டையில் பூவும் டிராகனும் இருக்கிறதே என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாஸ், யாரோஸ், ஹேசல்வுட், பிராட்பெண்ட், ஹார்ட் எல்லோரிடமும் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே இருக்கும். எமிலி வைல்டில் மட்டும் அந்தக் கவலை இல்லை.

தொடங்குவதற்கு? ஆங்கில நாவல் அதிகம் பழக்கமில்லை என்றால் ‘பிரைட்’, நடை எளிது, ஒரே புத்தகத்தில் கதை முடிந்துவிடும். ‘ஃபோர்த் விங்’ எடுத்தால் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தொடர் இன்னும் முடியவில்லை, மூன்றாம் பாகம் உங்களை நட்டாற்றில் விடும். எமிலி வைல்ட் 2023, 2024, 2025 என்று மூன்று பாகங்களாக வந்து ஒரு முடிவுக்கும் வந்துவிட்டது. முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போகும். வென்டல் வந்து சேரும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.