ஈ.சி.ஜி.யும் எக்கோவும் சரியாக இருக்கும்போது அஞ்சியோகிராம் எதற்கு?

மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்கு இரண்டு சோதனைகளும் நன்றாக வந்தும், கண்டிக்குப் போய் அஞ்சியோகிராம் (இதய நாளங்களில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீணாக அலைக்கழிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தயவுசெய்து கூட்டிச் செல்லுங்கள்.

எக்கோ ஒலி அலைகளால் எடுக்கும் படம். இதயத் தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றனவா என்று அதில் தெரியும். அறிக்கையில் ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள இரத்தத்தில் வெளித்தள்ளும் பங்கு) 55 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் இரத்தத்தை வெளித்தள்ளும் பலம் சரி. ஆனால் அந்தத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் அடைப்பு உண்டா என்பதை எக்கோ நேரடியாகக் காட்டாது. அடைப்பு இருந்தாலும், கட்டிலில் படுத்திருப்பவரின் இதயத்துக்குக் கிடைக்கும் இரத்தம் போதுமானதாக இருக்கலாம். ஈ.சி.ஜி.யிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். மேடு ஏறும்போதுதான் பற்றாமல் போகும்.

என் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்தவர். கிளினிக்கில் எப்போதும் அசதி என்று மட்டுமே சொல்வார். கூடையோடு மேட்டில் ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று அக்கா கூடப் போய்ச் சொன்ன பிறகே டாக்டர் விரிவாக விசாரித்தார். நம் பெண்கள் வலியைச் சொல்வதில்லை. எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த சோதனை எது என்பதை இந்தத் தகவல்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் விட்டு, எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வார்கள். அம்மா விழித்தே இருப்பார். பொதுவாக நாளம் 70 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தால் பெரிய அடைப்பு என்பார்கள். தேவைப்பட்டால் அப்போதே ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கவும் முடியும். சி.டி. ஸ்கேனில் எடுக்கும் அஞ்சியோகிராமில் இதயம் வரை குழாய் செலுத்துவதில்லை என்றாலும், அதில் பார்க்கத்தான் முடியும்.

சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, நீரிழிவு மாத்திரைகள் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோதனை நாளுக்கு முன் ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு இறுகினாலோ, நின்ற பிறகும் வலி விடாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 1990 என்ற எண்ணில் சுவசெரிய ஆம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.