கேள்வி – பதில்: ஒளிரும் செல்லும் தடித்த வால்வும்

கேள்வி: ஏற்பி என்பது செல்லுக்குச் செய்தி வாங்கித் தரும், கண்ணுக்கே தெரியாத புரதம். அதில் மருந்து போய் ஒட்டியதா இல்லையா என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?
– கல்லூரி மாணவி, சிவகாசி

பதில்: ஒட்டுவதை நாங்கள் பார்ப்பதில்லை. ஒட்டியபின் செல் என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறோம். இதற்குப் பெரும்பாலும் எச்.ஈ.கே. 293 என்ற மனிதச் செல்லை வளர்ப்போம். 1973-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் விஞ்ஞானி ஃபிராங்க் கிரஹாம் உருவாக்கியது; அவருடைய 293-ஆவது பரிசோதனையில் கிடைத்ததால் அந்த எண். கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்தது என்று பெயர், குணத்தில் சிறுநீரகச் செல்லின் சாயல் குறைவு. அதனால் எங்களுக்கு நஷ்டமில்லை. அந்நிய மரபணுவைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும், மளமளவென்று பெருகும், அது போதும்.

வேண்டிய ஏற்பியின் மரபணுவோடு, ஓர் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்துச் செலுத்துவோம். பிறகு அந்த ஆன்டிபயாடிக்கை ஊற்றினால், மரபணுவை வாங்காத செல்கள் செத்துவிடும். பிழைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்து, ஏற்பி நன்றாக வேலை செய்யும் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதுதான் செல் வரிசை. அதை 384 குழிகள் கொண்ட தட்டில் பரப்பி, கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஏற்றுவோம். செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தும் வகை ஏற்பியானால், மருந்து விழுந்த சில விநாடிகளில் ஒளி எகிறும். ஏற்பி செலுத்தாத தாய்ச் செல்லுக்கும் பக்கத்திலேயே அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஒளிர்ந்தால் கொண்டாட வேண்டாம். செல்லுக்குச் சொந்தமான வேறு ஏற்பியோ, தானே ஒளிரும் இயல்புள்ள மருந்தோ நம்மை ஏமாற்றுகிறது.

கேள்வி: தட்டிலுள்ள செல்லில் வேலை செய்யும் மருந்து மனிதனுக்கும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கூடாது ஐயா. என்னைக் கேட்டால் இந்தச் செல்களின் பெரிய உபகாரமே வேறு. தொடக்கூடாத ஏற்பியை மருந்து தொடுகிறதா என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

ஃபென்ஃபுளூரமின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் எடை குறைக்க பசியை அடக்கும் ஃபென்டெர்மின் என்ற மருந்தோடு சேர்த்து லட்சக்கணக்கானோர் விழுங்கிய மாத்திரை. 1997-இல், அந்த இரண்டையும் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வு கெட்டிருப்பதாக மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனையின் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தச் செப்டம்பரிலேயே ஃபென்ஃபுளூரமின் சந்தையை விட்டுப் போயிற்று. காரணம் 2000-இல்தான் துலங்கியது. உடலில் செய்தி கடத்தும் ரசாயனமான செரட்டோனினுக்குரிய ஏற்பி வகைகளைத் தனித்தனிச் செல் வரிசைகளில் வைத்துச் சோதித்தபோது, 5-எச்டி2பி என்ற ஏற்பி மாட்டிக்கொண்டது. வால்வுச் செல்களில் இருக்கும் அது ஓயாமல் தூண்டப்பட்டால் அச்செல்கள் பெருகும்; வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசியும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபென்ஃபுளூரமின் அந்த ஏற்பியிடம் மந்தம்தான். கல்லீரல் அதை உடைத்து உண்டாக்கும் நார்ஃபென்ஃபுளூரமின்தான் முரடு. தட்டிலுள்ள செல்லுக்குக் கல்லீரல் ஏது? மாத்திரையில் உள்ளதை மட்டும் சோதித்திருந்தால் குற்றவாளி தப்பியிருக்கும். அதனால்தான் மருந்து உடலுக்குள் எடுக்கும் மாற்று வடிவங்களையும் தட்டில் வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பேன். செலவு கூடுகிறது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பார்க்கின்சன் நோய்க்குத் தந்த பெர்கோலைடும் இதே ஏற்பியைத் தூண்டி வால்வைக் கெடுத்து, 2007-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. ஃபென்ஃபுளூரமின் மட்டும் 2020-இல் அங்கே திரும்பி வந்தது: டிராவெட் என்ற கடும் வலிப்பு நோய்க்கு, இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனை தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு.

கேள்வி: என் மகள் இத்தகைய ஆய்வகத்தில் வேலைக்கு முயல்கிறாள். எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: இயந்திரத்தை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம், அம்மா. செல்லைப் பராமரிக்கும் கை முதலில் வேண்டும். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கரியமில வாயு. வளர்ப்பு நீர் சிவப்பாக இருக்கும். மஞ்சளானால் நெரிசலில் புளித்துவிட்டது என்று பொருள், கூடவே கலங்கினால் பாக்டீரியா. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய கிருமிதான் பொல்லாதது. நீர் தெளிவாகவே இருக்கும், சோதனை முடிவுகள் மட்டும் தாறுமாறாகும். அதைக் கண்டுபிடிக்கும் தனிச் சோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்கிறார்கள் என்று நேர்முகத் தேர்விலேயே மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.