ஸ்டேட் ஃபேருக்குக் கணவனும் மனைவியும் மட்டும் போனால் ஒரு நாள் பொழுது ஓடுமா?

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக்குப் புதிதாக வந்திருக்கிறோம், குழந்தைகள் இல்லை, நாங்கள் இருவர் மட்டும் இங்கே வருஷா வருஷம் நடக்கும் ஸ்டேட் ஃபேர் என்ற மாநிலக் கண்காட்சிக்குப் போனால் போரடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காது. நாங்கள் முதல் தடவை போனபோது காலை எட்டரைக்கு உள்ளே நுழைந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே வந்தோம், பாதிகூடப் பார்த்து முடிக்கவில்லை. அதற்கு ஒரு மாடு காரணம், அதை அப்புறம் சொல்கிறேன்.

காரை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி லேபர் டே, அதாவது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை 12 நாள் நடக்கும், 2019இல் அந்த 12 நாளில் 21 லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள், அப்போது பார்க்கிங் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பல இடங்களில் காரை விட்டுவிட்டு இலவச பஸ்ஸில் போகும் வசதி இருக்கிறது. நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மைதானம் 322 ஏக்கர், முழுக்க நடைதான்.

நான் ஈரோடு டவுன்காரன். பொருட்காட்சி என்றால் எனக்கு ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஆபீஸில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசியதால் முதல் இரண்டு மணி நேரம் தின்பதிலேயே போனது. சீஸ் கர்ட்ஸ் என்று பாலாடைக்கட்டித் துண்டுகளை மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்கள், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் ரப்பர். குச்சியில் குத்திய சாசேஜைப் பார்க்கும் இடமெல்லாம் மாட்டிறைச்சியா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எதுவும் வாங்கவில்லை. ஆனால் சுட்ட சோளக்கதிர் இருக்கிறதே, முழுக் கதிரை அப்படியே வெண்ணெயில் முக்கி எடுத்துத் தருகிறார்கள், அதை விடாதீர்கள். என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அதன்மேல் மிளகாய்ப்பொடி தூவினாள். டப்பாவோடு வந்திருக்கிறாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். எதை வாங்கினாலும் ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள், விலையும் அதிகம், வயிறும் தாங்காது.

ஜோடிக்கென்றே உள்ளது வேண்டுமென்றால் யே ஓல்டு மில். 1915இலிருந்து ஓடுகிறது. இருட்டுச் சுரங்கத்துக்குள் தண்ணீரில் படகு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். காதலர்களுக்குப் பேர்போன இடம். உள்ளே போனதும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "ஏனுங்க, இதுக்குள்ள பாம்பு கீம்பு இருக்காதுங்களே?"

பால்பண்ணைக் கட்டிடத்தில் ஒரு கண்ணாடி அறை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே ஃபிரிட்ஜ் குளிர். சுமார் 40 கிலோ வெண்ணெய்க் கட்டியில் ஒரு பெண்ணின் தலையைச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பெண்ணும் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். பால் தொழிலின் தூதராக ஒவ்வொரு வருஷமும் தேர்ந்தெடுக்கும் இளவரசிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு இந்த மரியாதை. தலையைக் கடைசியில் அந்தப் பெண்ணே வீட்டுக்கு எடுத்துப் போகலாமாம். இன்னொரு கட்டிடத்தில் தானியம், விதைகளை ஒட்டியே படம் வரைந்து வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் கடுகு மாதிரி ஒவ்வொரு விதையாக ஒட்டியிருப்பது தெரியும். பொறுமைசாலிகள்.

சரி, மாடு. ஆடு, மாடு, பன்றி குட்டி போடுவதை நேரில் பார்க்க ஒரு கொட்டகையே வைத்திருக்கிறார்கள். என் மனைவி காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்காரப் பெண், அவர்கள் வீட்டில் எப்போதும் நாலைந்து உருப்படி கட்டியிருக்கும். நாங்கள் போனபோது ஒரு கறுப்பு வெள்ளை மாடு படுப்பதும் எழுவதுமாக இருந்தது. கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்து நின்றது. இவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமுங்க" என்றாள். நான் நம்பாமல் நின்றேன். ஏறக்குறைய அவள் சொன்ன நேரத்துக்குத்தான் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்தன.

கன்று எழுந்து நின்றதும் கூட்டம் கலைந்தது, இவள் நகரவில்லை. அங்கே நின்ற மாணவியிடம் இளங்கொடியை, அதாவது கன்றுக்குப் பின்னால் விழும் நஞ்சுக்கொடியை என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லி என் முழங்கையை இடித்தாள். இதைப்போய் எப்படிக் கேட்பது என்று நான் தயங்க, கடையில் சில்லறை கேட்கக்கூட என்னை முன்னால் தள்ளுகிறவள், தானே போய் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். கழிவோடு போட்டுவிடுவோம் என்று பதில் வந்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. எங்கள் பக்கம் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்று நம்பிக்கை. அதை அந்தப் பெண்ணுக்குக் கையைக் காலை ஆட்டி விளக்கினாள், அவளும் விட்டுவிட்டுப் போகாமல் நின்று கேட்டாள், அப்புறம் சீம்பாலுக்குப் போனது பேச்சு. நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ராட்டினப் பக்கமே போகவில்லை. மாட்டுக் கொட்டகை, குதிரைக் கொட்டகை, திரும்ப மாட்டுக் கொட்டகை. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் மாட்டைக் குளிப்பாட்டி, டிரையர் போட்டு முடியை உலர்த்திச் சீவிவிடுகிறார்கள், நம்மூரில் கல்யாணப் பெண்ணுக்கே இவ்வளவு நடக்காது. அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இதைப் பொருட்காட்சியோடு ஒப்பிட்டதே தப்பு, இது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையின் சாதி. ராட்டினமும் தீனியும் அதைச் சுற்றி முளைத்தவை. ஆகவே முதலில் கொட்டகைகளுக்குப் போங்கள், காலையில் கூட்டமும் குறைவு, தீனி எங்கேயும் ஓடிப்போகாது.

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் ஒரு வாளி சாக்லேட் சிப் குக்கீஸ், மூடி போட முடியாத அளவுக்குக் கும்பாரமாக அடுக்கித் தருவார்கள். இவள் ஊருக்கு வீடியோ கால் போட்டாள், அங்கே விடிந்திருந்தது. கன்று ஈன்ற கதையை முழுதாகக் கேட்டுவிட்டு மாமனார் என்னைக் கூப்பிடச் சொன்னார். "மாப்ள, அந்த மாடு என்ன வெலைக்குப் போகுமுங்க?" என்றார். அதைக் கேட்காமல் வந்துவிட்டோம்.