தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுமுன்

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். பீடி சுற்றுகிறேன். கடையில் பீடி ஒப்படைக்கிற நேரம் பார்த்துத்தான் கூட்டம் வைக்கிறார்கள். மறுநாள் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: போடாதீர்கள். வராதவர் கையெழுத்து கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) நிரப்பத்தான் உதவும். உங்களுக்குப் பதிலாக வீட்டுக்காரர் போய் உட்கார்ந்தாலும் செல்லாது, உறுப்பினர் நீங்கள்தான்.

2009 கல்வி உரிமைச் சட்டம் 21-ம் பிரிவின்படி, குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பீடி ஊரில் அந்தப் பெண்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் என்றால் அந்தப் பங்கு காகிதத்தோடு சரி. நாலைந்து தாய்மார் சேர்ந்து, தோதான நாளையும் நேரத்தையும் குறித்துத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. கோயில் கொடை, நடவு, அறுப்பு நாட்களையும் அதிலேயே விலக்கச் சொல்லுங்கள்.

இனி நோட்டு. வந்தவர்கள் முதலில் வருகைக்குக் கையெழுத்திட வேண்டும். தீர்மானம் எழுதி, உரக்க வாசித்த பிறகு, கடைசி வரியை ஒட்டி மறுபடி கையெழுத்து. நடுவே இடம் விட்டிருந்தால் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பிறகு எதை எழுதினாலும் நீங்கள் சம்மதித்ததாகிவிடும். ‘பள்ளி வளர்ச்சிப் பணிகள் செய்யத் தீர்மானிக்கப்பட்டது’ என்பது தீர்மானமே இல்லை. ‘பெண்கள் கழிப்பறையில் 2 குழாய் மாற்ற ரூ.1,800 வரை’ என்று எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ‘அண்ணாச்சி சொன்னாச் சரிதான்’ என்று எல்லாரும் தலையாட்டிவிட்டால் நோட்டில் ‘ஏகமனதாக’ என்று ஏறிவிடும். உடன்பாடு இல்லையென்றால் உங்கள் பெயரைச் சொல்லி, மறுப்பையும் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கும்போது மேலாண்மைக் குழு எதற்கு?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கழகம் தன் துணைவிதிப்படி நடக்கும் சங்கம். அதன் பணத்துக்குப் பொதுக்குழுவில் கணக்குக் காட்ட வேண்டும். மேலாண்மைக் குழு சட்டப்படி அமைவது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் அதன் வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே சிறுபான்மையினர் பள்ளிகள் நிறைய உள்ள பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளையைச் சேர்த்தவர்கள், தங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலையரங்கமா, தண்ணீர்த் தொட்டியா என்று இரண்டு கூட்டம் சண்டையிலேயே போய்விட்டது. என்ன வழி?
– வாசகர், களக்காடு

பதில்: மதிப்பீடு இல்லாமல் பேசினால் சண்டைதான் மிஞ்சும். இரண்டுக்கும் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கி, கூட்டத்துக்கு முன்பே நகலைச் சுற்றுக்கு விடுங்கள். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கோக்காமல் தனித்தனியாக எடுங்கள். கை தூக்கச் சொன்னால் ஊர்ப் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் பல கை எழும். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, எல்லார் முன்னும் எண்ணுங்கள். சரிசமமாக விழுந்தால் என்ன செய்வது என்பதை எண்ணும் முன்பே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள்.