அம்மாவின் கிளினிக் கொப்பியில் உள்ள பி.எச்.கியூ-9, சி.பி.டி., பி.டி. என்றால் என்ன?

ஹட்டனில் கவுன்சலிங் போகும் அம்மாவின் கொப்பியில் "பி.எச்.கியூ-9: 14, சி.பி.டி." என்றும், மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் "பி.டி." என்றும் இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவது ஒரு கேள்வித்தாள். கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, மனநிலை எப்படி என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 முதல் 14 வரை நடுத்தர மனச்சோர்வைக் காட்டும். பரீட்சைப் புள்ளி மாதிரி இல்லை, இங்கே குறைந்தால்தான் நல்லது. நாள் முழுக்க மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்குக் களைப்புக் கேள்வியில் புள்ளி சும்மாவே ஏறும். அம்மா அதைக் கவுன்சலரிடம் சொல்லட்டும். ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதில் 1 விழுந்தாலும் தனியாக விசாரிக்க வேண்டும். அப்படி எண்ணம் வந்தால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் மனநல உதவி எண்ணான 1926-க்கு போன் எடுங்கள்.

சி.பி.டி. மருந்தில்லை, பேச்சுச் சிகிச்சை. 'இன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்துவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தாவும் நினைப்பைப் பிடித்து நிறுத்தி, அது சரிதானா என்று பார்க்கப் பழக்குவார்கள்.

அப்புறம் பி.டி. கூகுளில் தேடினால் இருமுனைக் கோளாறு என்ற மனநோயின் பெயர் வந்து பயமுறுத்தும். மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் அது லத்தீன் சுருக்கம்: நாளைக்கு 2 தடவை, அவ்வளவுதான்.