குறிச்சொல் தடித்து வந்தால் பைபரைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. லேடெக் (LaTeX) என்ற ஆவண மென்பொருளில் எழுதும் உங்கள் 1806 வேலூர்ப் புரட்சி ஆய்வேட்டில் மேற்கோள் வரவேண்டிய இடத்திலெல்லாம், நூல் விவரங்கள் இருக்கும் பிப் (.bib) கோப்பில் ஒவ்வொரு நூலுக்கும் வைத்த குறிச்சொல்லே தடித்த எழுத்தில் நிற்கிறது, எத்தனை தடவை ஓட்டினாலும் மாறவில்லை என்கிறீர்கள். அதுவே நல்ல தடயம். கேள்விக்குறி விழுந்திருந்தால் நூற்பட்டியல் தயாரிக்கும் பழைய பிப்டெக் (BibTeX) வழி. குறிச்சொல் தடித்து வந்தால் நீங்கள் போட்டிருப்பது பிப்லேடெக் (biblatex) என்ற மேற்கோள் தொகுப்பு. அதற்கு இயல்பாக வேண்டியது பைபர் (biber) என்ற நூற்பட்டியல் கருவி. நீங்கள் லேடெக் எழுதும் டெக்ஸ்டுடியோ செயலி அதற்குப் பதில் பிப்டெக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறது போல. அந்தக் கருவி தன் செய்திகளை எழுதி வைக்கும் பிஎல்ஜி (.blg) கோப்பைத் திறந்து பாருங்கள். சைட்டேஷன் கட்டளையே காணோம் என்று அது புலம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டெக்ஸ்டுடியோ அமைப்புகளில் பில்ட் (Build) பக்கத்துக்குப் போய் நூற்பட்டியல் கருவியை பைபர் என மாற்றுங்கள். ஓட்டும்போது தானாக உருவாகும் ஆக்ஸ் (.aux), பிபிஎல் (.bbl), பிசிஎஃப் (.bcf) கோப்புகளை அழித்துவிட்டு லேடெக், பைபர், மறுபடி லேடெக் இரண்டு முறை என்ற வரிசையில் ஓட்டுங்கள். அவசரத்தில் பிப் கோப்பை அழித்துவிடாதீர்கள், பிபிஎல் வேறு!

அப்புறமும் ஒன்றிரண்டு மேற்கோள் மட்டும் அடம்பிடித்தால், பிப் கோப்பில் அந்த நூலின் பதிவில் குறிச்சொல்லுக்குப் பின் காற்புள்ளி விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் வெல்லூர்1806 (vellore1806) என்ற குறிச்சொல்லுக்கு ஓரிடத்தில் பெரிய வி (V), இன்னோரிடத்தில் சின்ன வி (v) போட்டிருப்பீர்கள். அதையும் தாண்டினால் லேடெக்கின் லாக் (.log) கோப்பில் வரும் எச்சரிக்கை வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள். நானும் வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்து ஆள்தான், ஆய்வேடு முடிந்ததும் வாசிக்கக் கொடுங்கள்.