ஃபுட்டேஜ் தொலையாமல் இருக்க: சிறிய வீடியோ நிறுவனங்களுக்கான பேக்கப் கேள்வி பதில்

முதலில் எடிட்டராகவும், பிறகு ஃபுட்டேஜைப் பாதுகாக்கும் பொறுப்பிலும் சிறிய வீடியோ நிறுவனங்களில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். பேக்கப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் மூன்று பேர். கல்யாண வீடியோ, கம்பெனி வீடியோ இரண்டும் செய்கிறோம். எல்லாம் ஏழெட்டு எக்ஸ்டர்னல் டிஸ்கில் சிதறிக் கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: புது டிஸ்க் வாங்குவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, உங்களிடம் இருப்பதை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். மறுபடி எடுக்கவே முடியாதவை முதல் வகை: கேமராவிலிருந்து வந்த அசல் ஃபுட்டேஜும் தனியாகப் பதிவு செய்த ஆடியோவும். மறுபடி செய்யலாம், ஆனால் நாள்கணக்கில் ஆகும் என்பவை இரண்டாவது வகை: ப்ராஜெக்ட் ஃபைல், கிராஃபிக்ஸ், கலர் வேலை, கஸ்டமருக்குக் கொடுத்த ஃபைனல் வீடியோ. கம்ப்யூட்டரே திரும்ப உருவாக்கிக்கொள்ளும் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய பிரதி), கேஷ் (தற்காலிக ஃபைல்), ப்ரிவியூ ரெண்டர் எல்லாம் மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகைக்கு பேக்கப்பே தேவையில்லை. இதை ஒதுக்கிவிட்டாலே நிறைய இடம் மிச்சமாகும்.

அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டு விஷயம் பேசுங்கள். எடிட்டிங் கம்ப்யூட்டர் இன்று மதியம் செத்துப்போனால், எத்தனை மணி நேர வேலை போனால் தாங்குவீர்கள்? எத்தனை நாளைக்குள் வேலையைத் திரும்பத் தொடங்கியாக வேண்டும்? அரை நாள் வேலை போனாலே கஷ்டம் என்றால், வாரம் ஒரு முறை பேக்கப் எடுப்பது உங்களுக்கு உதவாது.

அந்த ஏழெட்டு டிஸ்குக்கும் இன்றே எண் கொடுத்து லேபிள் ஒட்டுங்கள். எந்த எண்ணில் எந்த வேலை இருக்கிறது என்று ஒரு எக்செல் ஷீட்டில் குறித்துவிடுங்கள். எந்த வேலைக்கு ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்பது அப்போதுதான் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: 3-2-1 என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமாக வரும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில், அவ்வளவுதான். வேலை நடக்கும் பிரதி எடிட்டிங் டிஸ்கிலோ, நாஸிலோ (நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) இருக்கும். இரண்டாவது பிரதி தனி ஹார்ட் டிஸ்கில், காப்பி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரம் கழற்றியே இருக்க வேண்டும். மூன்றாவது கிளவுடிலோ, உங்களில் ஒருவர் வீட்டிலோ இருக்கலாம்.

இதில் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 'இரண்டு வகைச் சாதனம்' என்பதை விட்டுவிடுங்கள். 'வேறு இடம்' என்பதை மட்டும் விடாதீர்கள். தீ, வெள்ளம், திருட்டு இவையெல்லாம் ஒரே அறையில் இருக்கும் மூன்று டிஸ்கையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

கேள்வி: எங்களிடம் நான்கு டிஸ்க் போட்ட நாஸ் ரெய்டு 5-ல் ஓடுகிறது. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாதே, அதுவே பேக்கப்தானே சார்?

பதில்: இல்லை. பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்தது ரெய்டு. தவறி ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால், நான்கு டிஸ்கிலும் ஒரே நொடியில் அது போய்விடும். நாஸ் பெட்டியே பழுதானாலும், வைரஸ் வந்தாலும் இதே கதிதான்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழுதான 16 டெராபைட் டிஸ்கை மாற்றிப் புதியது போட்டால், நொடிக்கு 200 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் அது நிரம்ப 22 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் எடிட்டிங்கும் செய்துகொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள்கூட இழுக்கும். அதுவரை மீதி மூன்று டிஸ்கும் முழு மூச்சாக ஓட வேண்டும். நான்கையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் வயது ஒன்றுதான். இன்னொன்று அந்த இடைவெளியில் போனால் எல்லாமே போச்சு. அடுத்த முறை அமைக்கும்போது, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 பக்கம் போங்கள். டிஸ்க் வாங்கும்போது, பதிவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்.எம்.ஆர். வகையைத் தவிர்த்து, அப்படிப் படியாமல் எழுதும் சி.எம்.ஆர். என்று பார்த்து வாங்குங்கள். எஸ்.எம்.ஆர். டிஸ்கில் இந்த மறுநிரப்பும் வேலை மிகவும் மெதுவாகிவிடும். எப்படி அமைத்தாலும் வெளியே ஒரு பிரதி வேண்டும்.

கேள்வி: ஷூட்டிங் ஸ்பாட்டில் கார்டு நிரம்பிவிடுகிறது. லேப்டாப்பில் இழுத்துப் போட்டுவிட்டு கார்டை ஃபார்மேட் செய்கிறோம். இதில் தப்பு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். வயதான ஒரு பெரியவரிடம் நீண்ட நேர்காணல் எடுத்தோம். கார்டிலிருந்த கிளிப்புகளை நானே ஒரு டிஸ்குக்கு இழுத்துப் போட்டேன். ஃபைல் எண்ணிக்கை சரி, அளவும் சரி. மறுநாள் ஷூட்டுக்காக கார்டை ஃபார்மேட் செய்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எடிட்டிங்கில் உட்கார்ந்தால், ஒரு கிளிப் பதினோராவது நிமிடத்தில் பச்சைச் சதுரங்களாக உடைந்து அப்படியே நின்றது. அந்தக் கேபிளில் கோளாறு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டார், மறுபடி அவரைப் பேசவைக்க முடியவில்லை. மீதி அவர் என்ன சொன்னார் என்பது குறிப்பேட்டில் நான் கிறுக்கிய நான்கு வரியில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் மாற்றாத முறை இது. இழுத்துப் போடுவதில்லை. செக்சம் சரிபார்த்து காப்பி செய்யும் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். கார்டில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் படித்து அதற்கு ஒரு கைரேகை போன்ற எண்ணை அது கணக்கிடும். காப்பியான ஃபைலைத் திரும்பப் படித்து, அதே எண் வருகிறதா என்று ஒப்பிடும். எம்.டி.5, எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்று முறைகள் உண்டு. எக்ஸ்எக்ஸ்ஹாஷ் வேகமானது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் குளோன் வசதியும் இந்த வேலையைச் செய்யும்.

கார்டிலிருந்து கிளிப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டில் இருக்கும் ஃபோல்டர் அமைப்பை அப்படியே முழுசாக காப்பி செய்யுங்கள். நீளமான ஷாட் சில கேமராக்களில் பல துண்டுகளாகப் பதிவாகும். அதை ஒட்டவைக்கும் தகவல் பக்கத்து ஃபோல்டரில் இருக்கலாம்.

இரண்டு டிஸ்கில் சரிபார்த்த காப்பி வந்து சேரும்வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. காப்பியான கார்டின் மேல் ஒரு சின்ன டேப்பை ஒட்டி, அது இருக்கும்வரை யாரும் கேமராவில் போடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு போதவில்லை என்றால் இன்னும் நான்கு கார்டு வாங்குங்கள். கேமராவில் இரண்டு கார்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது இரண்டு டிஸ்கும் ஒரே பையில் வரக் கூடாது, ஆளுக்கு ஒன்றாக எடுத்து வாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் நிம்மதிதானே?

பதில்: உங்கள் அப்லோடு வேகத்தை முதலில் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எழுதும். இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் விநாடிக்கு 50 மெகாபிட் என்றால், ஒரு மணி நேரத்தில் 22.5 ஜிபிதான் மேலே போகும். அதாவது ஒரு நாள் ஷூட்டிங்குக்கு ஒரு முழு நாள் அப்லோடு, அதுவும் இடையில் எதுவும் தடைபடாமல் இருந்தால். 4கே ப்ரோரெஸ் 422 ஹெச்.க்யூ. என்ற உயர்தரப் பதிவு வகையில் எடுத்தால் மணிக்கு 330 ஜிபி அளவுக்கு வரும். அதை இந்த வேகத்தில் ஏற்ற நினைக்கவே வேண்டாம்.

ஆகவே ப்ராஜெக்ட் ஃபைல், ஆடியோ, ஃபைனல் வீடியோ மூன்றும் தினமும் கிளவுடுக்குப் போகட்டும். அசல் ஃபுட்டேஜுக்கு வெளியிடத்தில் ஹார்ட் டிஸ்க் வையுங்கள். குறைந்த கட்டண ஆர்க்கைவ் கிளவுடில் போடுவதாக இருந்தால், திரும்ப எடுக்க எவ்வளவு நேரமும் கட்டணமும் ஆகும் என்று முதலிலேயே படித்துவிடுங்கள். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வழக்கமான முறையில் கேட்டால் 12 மணி நேரம்வரை, மொத்தமாகக் கேட்டால் 48 மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும். 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் அந்த 180 நாளுக்கான கட்டணம் உண்டு.

கிளவுடும் எங்கோ ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. வேறெங்கும் பிரதி வைத்திருக்காத வாடிக்கையாளர்களின் டேட்டாவும் அதோடு போனது.

கேள்வி: சிங்க் ஃபோல்டர் வைத்திருக்கிறேன். போதாதா?

பதில்: போதாது. சிங்க் என்பது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான், இங்கே டெலீட் செய்தால் அங்கேயும் டெலீட் ஆகும். பழைய வெர்ஷன்களைக் குறைந்தது 30 நாளாவது வைத்திருக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஆன் செய்யுங்கள். அப்போதும் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

கேள்வி: ரான்சம்வேர் வந்தால் பேக்கப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ரான்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். கம்ப்யூட்டரிலிருந்து எழுத முடிகிற எந்த டிஸ்கையும் அது பூட்டும், நாஸும் அதில் அடக்கம். அதனால்தான் கழற்றி வைத்த டிஸ்க் ஒன்று வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். இரண்டு டிஸ்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று இங்கே மாட்டியிருந்தால், மற்றது வெளியே இருக்க வேண்டும். நாஸில் ஸ்னாப்ஷாட் வசதியை (ஃபைல்கள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது) ஆன் செய்யுங்கள். தினசரி எடிட்டிங்குக்கு நாஸின் அட்மின் கணக்கில் நுழைய வேண்டாம். பேக்கப்புக்குத் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு வையுங்கள்.

கேள்வி: ரிசால்வில் வேலை செய்கிறோம். வேலை ஃபோல்டரை முழுசாக காப்பி எடுத்தும், வேறு கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டைக் காணவில்லை. ஏன் அக்கா?

பதில்: தம்பி, நான் அண்ணன்தான், பரவாயில்லை. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் ப்ராஜெக்ட் என்பது நீங்கள் சேமித்த இடத்தில் இருக்கும் ஒரு ஃபைல். ரிசால்வ் அதைத் தன் டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்ளும், ஃபுட்டேஜ் ஃபோல்டரில் இருக்காது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து, அந்த வேலையின் ஃபோல்டரிலேயே தேதியோடு போடுங்கள். வாரம் ஒரு முறை ப்ராஜெக்ட் லைப்ரரி முழுவதையும் பேக்கப் எடுங்கள். சில எம்பிதான் வரும், ஆனால் அதற்குள் உங்கள் பல வார வேலை இருக்கிறது.

கேள்வி: முடிந்த வேலைகளை எஸ்.எஸ்.டி.யில் போட்டு அலமாரியில் வைக்கலாமா? டேப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. எடிட்டிங்குக்கு அருமையானது. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும், அதனால் அலமாரிக்கு வேண்டாம். ஹார்ட் டிஸ்க் பரவாயில்லை, ஆனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது மாட்டி ஓடவிட்டு, செக்சமைச் சரிபாருங்கள். அப்போதே, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகளையும் பாருங்கள். மாற்றப்பட்ட செக்டர்களும், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் அங்கே தெரியும். பூஜ்யமாக இருந்தது ஏறத் தொடங்கினால் அன்றே வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.

டேட்டா சேமிக்கும் காந்த நாடாவான எல்.டி.ஓ. டேப்பை முறையாக வைத்தால் 30 ஆண்டுவரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். டேப் மலிவு, டிரைவ்தான் விலை அதிகம். நூறு டெராபைட்டைத் தாண்டும் நிலைமை வந்தால் யோசிக்கலாம். பெட்டியில் எல்.டி.ஓ.-8க்கு 30, எல்.டி.ஓ.-9க்கு 45 டெராபைட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது சுருக்கிய கணக்கு. வீடியோ ஏற்கெனவே சுருங்கியதுதான், மேலும் சுருங்காது. 12, 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது டிரைவ் எல்லாப் பழைய டேப்பையும் படிக்காது என்பதையும் மறக்காதீர்கள். எல்.டி.ஓ.-9 டிரைவ் எல்.டி.ஓ.-7 டேப்பைப் படிக்காது.

கேள்வி: கஸ்டமர் நான்கு வருடம் கழித்து அசல் ஃபுட்டேஜ் கேட்கிறார். எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: எவ்வளவு காலம் என்பதை வேலை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்தக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, அழிக்கப்போகிறோம் என்று தகவல் கொடுங்கள். அவரே ஒரு டிஸ்க் கொடுத்தால் அதில் போட்டுக் கொடுங்கள். சொல்லாமல் அழிப்பது சரியல்ல.

கேள்வி: பேக்கப் தினமும் ஓடுகிறது, பச்சை டிக் வருகிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒரு பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்தது, அதை எச்சரிக்கும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் தற்செயலாக இருந்ததால்தான் தப்பினார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதற்கு எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முடிந்த வேலை ஒன்றைக் கண்ணை மூடித் தேர்ந்தெடுங்கள். பேக்கப்பிலிருந்து மட்டும் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டைம்லைனில் சிவப்பாக மீடியா ஆஃப்லைன் (ஃபுட்டேஜ் கிடைக்கவில்லை) என்று வருகிறதா? ஃபான்ட் கிடைக்கிறதா? டிஸ்கை என்க்ரிப்ட் செய்திருந்தால் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? அந்த ஒருவர் ஊரில் இல்லாத நாளில் செய்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள்.

கேள்வி: சார், இப்போது கையில் ஒரே ஒரு காலி டிஸ்க்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மெல்லத்தான் வாங்க முடியும். இன்று என்ன செய்யட்டும்?

பதில்: இன்னும் டெலிவரி ஆகாத வேலைகளின் அசல் ஃபுட்டேஜை முதலில் அதில் போடுங்கள். அடுத்து எல்லா ப்ராஜெக்ட் ஃபைல்களும். இடம் மீதியிருந்தால் ஃபைனல் வீடியோக்கள். செக்சம் சரிபார்த்து முடிந்ததும் கழற்றி, லேபிள் ஒட்டி, இன்று இரவே உங்களில் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்விடுங்கள். அடுத்து வாங்குவது அதற்கு ஜோடியாக, அதே அளவில் இன்னொரு டிஸ்காக இருக்கட்டும்.